சுமையற்ற இனிமை உண்டோ?

வீட்டுக்கு வந்த விருந்தினரிடம், "காப்பிக்குச் சர்க்கரை போடலாமா?" என்று கேட்ட பின்பே பாலை அடுப்பில் வைப்பது இன்று நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. இனிப்புக் குறைந்தால் உபசரிப்பே குறைந்ததாகக் கருதிய நாடு நம்முடையது. திருமணமாயினும், பங்குத் திருவிழாவாயினும், பிள்ளைகளின் முதல் நற்கருணை விருந்தாயினும், இலையின் ஓரத்தில் முதலில் விழுவது இனிப்பே. அத்தகைய நாட்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை நீரிழிவு ஆய்வாளர்கள் நடத்தி 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டென்றும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கின்றனர் என்றும் கணக்கிட்டுள்ளது. செல்வரின் நோய் என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டது இன்று காஞ்சிபுரத்துத் தறிக்குழி வரை வந்துவிட்டது. நாள் முழுவதும் ஓரிடத்தில் அமர்ந்து பாவையும் ஊடையையும் இணைப்பவர்கள், களைப்பு நீங்க நான்கைந்து முறை தேநீர் அருந்துகின்றனர். 2021-ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் சர்க்கரை நோய் மாத்திரைகள் அத்தகைய வீடுகளையும் தேடி வருகின்றன.

இந்நிலையில்தான் சர்க்கரை டப்பாவின் அருகே மற்றொரு சிறு டப்பா இடம்பிடித்துள்ளது. அழுத்தினால் ஒரு பொட்டு மாத்திரை விழுகிறது. கோப்பை இனிக்கிறது, எரிசக்தியோ ஏறத்தாழ ஒன்றுமில்லை. இதை உண்ணலாமா, கூடாதா? நஞ்சென்று சிலர் அஞ்சுகின்றனர். அமுதமென்று விளம்பரங்கள் கூறுகின்றன. தவக்காலம் நெருங்கும்போது இக்கேள்வி பங்குகளில் வேறொரு வடிவில் எழுகிறது: "சாமி, நாற்பது நாளும் சர்க்கரையை விட்டுவிடுவதாக ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்திருக்கிறேன். மாத்திரை போட்டுக் காப்பி குடித்தால் ஒறுத்தல் கெட்டுவிடுமா?"

இதைக் கேட்டு நகைப்பவர் உண்டு, நாம் நகைப்பதற்கில்லை. உடலுக்கு இது தீங்கா என்பதும், உள்ளத்துக்கு இது தகுமா என்பதும் இதனுள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. முதலாவதை மருத்துவ அறிவிடம் கேட்டறியாமல் இரண்டாவதற்கு விடை சொல்லுவது அறநெறியாகாது. ஆதலின் அந்த வரிசையிலேயே ஆராய்வோம்.

தற்செயலாய் நாவில் பட்டவை

இந்த இனிப்பூட்டிகள் தோன்றிய வரலாறே வியப்புக்குரியது. 1879-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஐரா ரெம்சன் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த கான்ஸ்டன்டைன் ஃபால்பெர்க், நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருள்களை ஆராய்ந்துவிட்டுக் கையைச் சரிவரக் கழுவாமல் உணவுக்கு அமர்ந்தார். ரொட்டி வழக்கத்துக்கு மாறாக இனித்தது. அதுவே சாக்கரின். சர்க்கரையைப்போல் ஏறத்தாழ முந்நூறு மடங்கு இனிப்புடையது. 1937-ஆம் ஆண்டில் இல்லினாய் பல்கலைக்கழக மாணவர் மைக்கேல் ஸ்வேடா, மேசைமேல் வைத்த சிகரெட்டை மீண்டும் வாயில் வைத்தபோது சைக்ளமேட்டைக் கண்டார். 1965-ஆம் ஆண்டில் வயிற்றுப் புண்ணுக்கு மருந்து தேடிய ஜேம்ஸ் ஷ்லாட்டர், தாளைப் புரட்ட விரலை நாவில் தொட்டபோது அஸ்பார்டேமைக் கண்டார். 1976-ஆம் ஆண்டில் இலண்டனில் பயின்ற சசிகாந்த் பட்னிஸ் என்னும் இந்திய மாணவரிடம், ஒரு பொருளைச் சோதித்துப் பார்க்குமாறு அவருடைய ஆசிரியர் ஆங்கிலத்தில் சொன்னாராம். அவர் அதைச் சுவைத்துப் பார்க்குமாறு சொன்னதாகக் கேட்டுக்கொண்டு நாவிலிட்டார். அதுவே சுக்ரலோஸ், சர்க்கரையைவிட அறுநூறு மடங்கு இனிப்பது. பராகுவே நாட்டுக் குவரானி மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த சீனித் துளசி ஒன்றே இவ்வரிசையில் வயலிலிருந்து வந்தது.

இவற்றுள் எதையும் பசித்தவன் தேடிக் கண்டதில்லை. நாவே தற்செயலாகக் கண்டு, நாவே வைத்துக்கொண்டது. நாவு எதை ஏற்றுக்கொள்கிறதோ அது நன்மையே என்று முடிவு செய்ய இயலாது என்பதற்குப் பண்டைய உரோமைச் சான்று பகரும். உரோமர் திராட்சைச் சாற்றை ஈயப் பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சினர். பாத்திரத்து ஈயமும் அதில் கரைந்து, 'ஈயச் சர்க்கரை' எனப்படும் உப்பாக மாறி, இனிப்பைக் கூட்டிற்று. இனிக்கும் அப்பாகு மெல்லக் கொல்லும் நஞ்சாயிருந்தது. எனவே புதிய இனிப்பைக் கண்டு மக்கள் ஐயுறுவது அறியாமையன்று. ஆயின் ஐயத்தை ஆராய்ந்து தெளிவதும் நம் கடமையே.

அறிவியல் சொல்வது என்ன?

சாக்கரினைப்பற்றிய அச்சம் 1970-களில் பெருகியது. மிகுந்த அளவில் அதை உண்ட ஆண் எலிகளின் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் தோன்றியதால், 1977-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அதைத் தடைசெய்ய முனைந்தது. மக்கள் எதிர்ப்பால் தடை நின்று, எச்சரிக்கை வாசகம் மட்டும் அச்சாயிற்று. அந்த எலிகளின் சிறுநீரின் தனித்தன்மையே நோய்க்குக் காரணமென்றும், மனிதருக்கு அது பொருந்தாதென்றும் பின்னர் தெளிவாயிற்று. 2000-ஆம் ஆண்டில் எச்சரிக்கை நீக்கப்பட்டது.

அண்மைக் காலத்தில் அவ்வச்சம் அஸ்பார்டேம் பக்கம் திரும்பியுள்ளது. 2023-ஆம் ஆண்டு ஜூலையில் உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, இது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்னும் '2-பி' வகுப்பில் அதைச் சேர்த்தது. இச்செய்தியைக் கேட்டுப் பலர் டப்பாவையே வீசியெறிந்தனர். அதே நாளில் அந்நிறுவனத்தின் உணவுச் சேர்க்கைகள் பற்றிய வல்லுநர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை நாள்தோறும் உண்ணலாம் என்னும் பழைய வரம்பை மாற்றக் காரணமில்லை என்று அறிவித்தது. இவை முரண்போல் தோன்றலாம், முரணல்ல. முதற்குழு, தீங்கு செய்யும் ஆற்றல் ஒரு பொருளுக்கு இருக்கக்கூடுமா என்று மட்டும் பார்க்கிறது. நாம் உண்ணும் அளவில் அத்தீங்கு நேருமா என்பதை இரண்டாம் குழு பார்க்கிறது. கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே '2-பி' வகுப்பில் உள்ளது. நம்மவர் வெற்றிலையோடு மெல்லும் பாக்கோ, ஐயத்துக்கிடமின்றிப் புற்றுநோயை உண்டாக்குவதென முதல் வகுப்பிலேயே வைக்கப்பட்டுள்ளது. மாத்திரைக்கு அஞ்சிக்கொண்டே பாக்கை மெல்லுவோர் நம்மிடையே எத்தனை பேர்!

கணக்கிட்டுப் பார்ப்போம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு வரம்பு 2,400 மில்லிகிராம். 18 மில்லிகிராம் அஸ்பார்டேம் கொண்ட மாத்திரையை, கோப்பைக்கு இரண்டாக, நாளைக்கு ஐந்து கோப்பைக்கு இட்டாலும் 180 மில்லிகிராம்தான். ஆனால் 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வரம்பு 600 மில்லிகிராம். டப்பியில் விற்கும் சர்க்கரையில்லாக் குளிர்பானம் ஒன்றில் 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கக்கூடும். இரண்டு, மூன்று டப்பிகளில் குழந்தை வரம்பைத் தொட்டுவிடும். ஒரே பொருள் தாத்தாவுக்குத் துளி, பேரனுக்கு மிகுதி. இதை மனத்தில் வைத்துக்கொள்வோம், பின்னர் வேண்டியிருக்கும். பினைல்கீட்டோனூரியா என்னும் அரிய பிறவிக் குறைபாடு உடையோர் அஸ்பார்டேமை அறவே தவிர்க்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அப்படியாயின், இது நன்மை செய்கிறதா? இதற்கு நம் தமிழகத்திலேயே ஓர் ஆய்வு நடந்துள்ளது. சென்னை நீரிழிவு ஆய்வாளர்கள், இரண்டாம் வகை நீரிழிவு உடைய 179 பேரை 12 வாரம் கவனித்து 2024-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். காப்பியிலும் தேநீரிலும் சர்க்கரைக்குப் பதில் ஒரு சாராருக்குச் சுக்ரலோஸ் தரப்பட்டது. இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. உடல் எடையும் இடுப்புச் சுற்றளவும் மட்டும் சிறிது குறைந்தன. தீங்கும் பெரிதில்லை, அற்புதமும் நிகழவில்லை என்பதே அதன் சாரம்.

2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் உலக நலவாழ்வு நிறுவனம், உடல் எடையைக் குறைக்கும் வழியாக இந்த இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாமென அறிவுரை வழங்கிற்று. நீண்ட காலத்தில் உடற்கொழுப்புக் குறைந்ததாகச் சான்றில்லை என்பதும், நெடுநாள் உண்போரிடம் நீரிழிவும் இதய நோயும் சற்று மிகுதியாகக் காணப்படுகின்றன என்பதும் அது கூறிய காரணங்கள். ஏற்கெனவே நீரிழிவு உடையோருக்கு இவ்வறிவுரை பொருந்தாதென்றும் அதே அறிக்கை சொல்லிற்று. குடை பிடித்தவர்களே அதிகம் நனைந்திருக்கக் கண்டு, குடையே மழையைக் கொணர்ந்தது என்று சொல்ல இயலாது. உடல் பருத்தவர்களும் நோயின் வாசலில் நிற்பவர்களுமே இம்மாத்திரையைத் தேடிச் செல்கின்றனர். ஆதலின் அவ்வறிவுரையும் நிபந்தனைக்குட்பட்டது என்றே அந்நிறுவனம் குறித்துள்ளது.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். இது உயிர்காக்கும் செய்தி. இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவருக்குச் சில வேளை இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் வரும். அந்நேரத்தில் இந்த இனிப்பு மாத்திரை எள்ளளவும் உதவாது. அசல் சர்க்கரையோ குளுக்கோஸோதான் கொடுக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். நாவை ஏமாற்றிய மாத்திரை இரத்தத்தை ஏமாற்றுவதில்லை. சர்க்கரையும் இறைவன் படைப்பே, பகைவனன்று என்பதை அந்த ஒரு கணம் நமக்கு உணர்த்திவிடும். மறுபுறம், வெல்லமும் கருப்பட்டியும் தேனும் நாட்டுப் பொருள்களாதலால் நீரிழிவுக்குத் தீங்கில்லை என்று எண்ணுவது பிழை. அவையும் இரத்தத்தில் சர்க்கரையாகவே கலக்கின்றன.

லேகியமும் நோன்பும்

இனி அறநெறிக்கு வருவோம். தவக்காலத்து மாத்திரை பற்றிய கேள்வி புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் நோன்பைப்பற்றி ஆராயும்போது, தேனும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டிய லேகியம் உண்பது நோன்பை முறிக்குமா என்னும் வினாவை எடுத்துக்கொள்கிறார். லேகியம் சிறிது ஊட்டமளிப்பினும் அது முதன்மையாகச் செரிமானத்துக்கென உண்ணப்படுவதால் நோன்பை முறிக்காது என்பது அவர் விடை. ஆயினும் ஒரு விதிவிலக்கு வைக்கிறார். மருந்தென்னும் பெயரில் வஞ்சக எண்ணத்தோடு மிகுதியாக உண்டு அதையே உணவாக்கிக்கொண்டால் நோன்பு முறியும் என்கிறார்.

ஏறத்தாழ எழுநூற்றைம்பது ஆண்டுகளாகியும் இவ்விடையில் ஒரு சொல்லும் பழசாகவில்லை. உடல் நலத்தின் பொருட்டு மருத்துவர் சொல்லிச் சர்க்கரையை விட்டவருக்கு மாத்திரை ஒரு லேகியம். அதை அருந்துவதில் குறையேதுமில்லை. இனிமை என்னும் இன்பத்தையே ஆண்டவர் பாதத்தில் வைக்கிறேன் என்று ஒப்புக்கொடுத்தவரோ, வலக்கையால் வைத்ததை இடக்கையால் எடுத்துக்கொள்கிறார். அவர் செய்வது பெரும்பாவம் என்று நாம் சொல்லவில்லை. காணிக்கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று மட்டுமே சொல்லுகிறோம். விடை மாத்திரையில் இல்லை; ஒப்புக்கொடுத்தவரின் கருத்தில் உள்ளது.

தலையான பாவங்கள் ஏழனுள் ஒன்றாக நம் மூதாதையர் மனப்பாடம் செய்த 'போசனப்பிரியம்' என்னும் சொல்லை இங்கே நினைவுகூர்வது நன்று. அதை மிகுதியாக உண்ணுதல் என்று மட்டும் நாம் விளங்கிக்கொள்கிறோம். புனித பெரிய கிரகோரியார் அதற்கு ஐந்து முகங்கள் உண்டென்றார். வேளைக்கு முன் உண்ணுதல், விலையுயர்ந்ததையே நாடுதல், அளவுக்கு மிஞ்சி உண்ணுதல், வேட்கைவெறியோடு உண்ணுதல், பக்குவத்தில் நுணுக்கம் பார்த்து அலைதல் என்பன அவை. செயற்கை இனிப்பூட்டி இவ்வைந்தில் ஒன்றன் விளைவை மட்டும், அதுவும் ஓரளவுக்கே, குறைக்கிறது. மற்ற நான்கையும் தொடுவதேயில்லை. 'சர்க்கரையில்லா இனிப்பு' என்று எழுதிய பெட்டியை ஒரே அமர்வில் காலி செய்பவர், அதிலுள்ள நெய்யையும் மாவையும் மறந்துவிடுகிறார். மருத்துவர் கணக்கில் சர்க்கரை குறைந்திருக்கலாம். வேட்கையோ முன்னிருந்த இடத்திலேயே கால்நீட்டி அமர்ந்திருக்கிறது. அதற்கு மாற்றாக நம் பழைய ஞானோபதேசம் சொன்ன புண்ணியம் 'மட்டசனம்'. மட்டாக உண்ணும் அப்பழக்கத்தை எந்தத் தொழிற்சாலையும் மாத்திரையாக உருட்டித் தர இயலாது. திருக்குறளும் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மூலிகை எதையும் பரிந்துரைக்காமல், பசியறிந்து அளவறிந்து உண்பதையே பேசுகிறது என்பது எண்ணத்தக்கது.

அப்படியானால் ஊட்டம் தராத இன்பமே தவறா? அதுவும் மிகை. காப்பியின் மணத்தால் யாருக்கும் எலும்பு வலுப்பதில்லை. மல்லிகையால் யாருக்கும் பசி தீர்வதில்லை. இன்பத்தையும் தந்தவர் இறைவனே. எழுபது வயதுத் தாய் ஒருவர், பேத்தியின் திருமண வீட்டில் எல்லாரும் பாயசம் அருந்தத் தாம் மட்டும் ஒதுங்கியிராமல், சீனித் துளசியோ சுக்ரலோஸோ சேர்த்த ஒரு கிண்ணத்தை மற்றவரோடு அமர்ந்து அருந்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த மாத்திரை அவரைப் பந்தியில் மீண்டும் சேர்த்துவிட்டது. அது அன்பின் பணி. பட்டு நெய்யும் ஊர்க்காரர்கள் இதை எளிதில் அறிவர். போலிச் சரிகையில் குற்றமில்லை; வசதியற்ற பெண்ணும் மணநாளில் கரை மின்னும் சேலை உடுத்துகிறாள். போலியை அசலென்று சொல்லி அசல் விலைக்கு விற்பதே குற்றம். பிறருக்கு விற்பதைப்போலவே தனக்குத் தானே விற்றுக்கொள்வதும் உண்டு. 'மாத்திரைதானே போட்டேன், இனி எதையும் உண்ணலாம்' என்று தன் மனச்சான்றுக்கே போலியை அசலாக விற்பவர் பலர்.

மாகறல் பலாமரம்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், செய்யாற்றங்கரையில் மாகறல் என்னும் ஊர் உள்ளது. ஞானசம்பந்தர் பாடிய சிவத்தலம். அத்தலத்தைப்பற்றி வழங்கும் கதையொன்று பிற சமயத்தாருடையதாயினும் நம் பொருளுக்குப் பெரிதும் துணைபுரிகிறது. நாள்தோறும் ஒரு கனி தரும் பலாமரம் அங்கே இருந்ததாம். அதன் சுவையறிந்த இராசேந்திர சோழ மன்னன், அக்கனி நாள்தோறும் தில்லைக் கூத்தனுக்குப் படைக்கப்பட்டுப் பின் தன்னிடம் வரவேண்டும் எனக் கட்டளையிட்டான். ஊரார் முறைவைத்துச் சுமந்தனர். ஒருநாள் ஒரு சிறுவனின் முறை வந்தது. ஒரு மரம் இருப்பதால் ஊரே அல்லற்படுகிறதே என்று எண்ணிய அவன் மரத்துக்குத் தீயிட்டுவிட்டான். மன்னன் விசாரித்தபோது, மக்களின் துன்பம் தீரவே அவ்வாறு செய்ததாகச் சொன்னான். மன்னன் அவனை நாடுகடத்தினான் என்று கதை தொடர்கிறது.

மன்னனுக்கு இனிப்பு, ஊருக்குச் சுமை. கனியைச் சுவைத்த நாவு, அதைச் சுமந்த தோளை ஒருநாளும் நினைக்கவில்லை. இது வெறுங்கதையென்று தள்ளிவிட வேண்டாம். சர்க்கரையின் மெய்யான வரலாறும் இதுவே. கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் சுமந்தனர். அடிமைமுறை ஒழிந்தபின் நம் மக்கள் சுமந்தனர். 1860-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பல் புறப்பட்டு, நவம்பர் 16 அன்று டர்பன் துறையை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதற்கப்பல் அதுவே. மொரீசியசுக்கும் பிஜிக்கும் சென்ற தமிழரின் கதையும் இத்தகையதே. ஐரோப்பாவின் தேநீர்க் கோப்பை இனிக்க, தமிழ்த் தோள்கள் வியர்த்தன.

செயற்கை இனிப்பூட்டி நமக்கு ஓர் உறுதிமொழி தருகிறது: இனி எவரும் சுமக்க வேண்டியதில்லை, உன் உடலும் சுமக்காது. சுமையற்ற இனிமை! இது மெய்யா? மரம் எரிந்தது, ஆனால் மன்னனின் வேட்கை எரிந்ததா? சுமை இறங்கியதா, தோள்தான் மாறியதா? இக்கேள்வியை இவ்வாறு எழுப்பினால், இன்று சுமப்பவர் யாரென்று தேடத் தோன்றும். தேடினால் இருவர் தென்படுகின்றனர்.

முதலாமவர் குழந்தை. ஐயமுற்ற மனச்சான்றைப்பற்றிக் குருமடத்து அறநெறி நூல்கள் ஓர் உவமை கூறும். புதரில் அசைவது மானா மனிதனா என்று ஐயுறும் வேடன் அம்பெய்யலாகாது. அறநெறி இயலாரின் பாதுகாவலராகிய புனித அல்போன்ஸ் லிகோரி போன்றோர், ஐயமான காரியங்களில் தக்க காரணமுள்ள கருத்தைப் பின்பற்ற ஒருவருக்கு உரிமை உண்டென்றனர். ஆயினும் மற்றொருவரின் உயிரோ நலமோ ஊசலாடும்போது பாதுகாப்பான வழியையே பற்றவேண்டும் என்பது பொதுவிதி. இதை இங்கே பொருத்திப் பார்ப்போம். வயதுவந்த ஒருவர் மருத்துவர் சொற்படி அளவோடு மாத்திரை உட்கொள்வதைத் தடுக்க எவருக்கும் நியாயமில்லை. தானாகத் தேர்ந்துகொள்ள இயலாத குழந்தைக்கு அதை ஊட்டுபவரோ புதருக்குள் அம்பெய்கிறார். எடைக்கேற்ற வரம்பு அதற்கு மிகச் சிறிது. வாழ்நாள் முழுதும் எவ்வளவு இனிப்பை இனிப்பென்று கொள்ளுவது என்பதை நாவு பழகும் பருவமும் அதுவே. அறுநூறு மடங்கு இனிப்பில் வளர்ந்த நாவுக்கு வாழைப்பழம் இனிக்குமா?

இரண்டாமவர் எழுத்தறிந்தும் எச்சரிக்கையை வாசிக்க இயலாத ஏழை. செயற்கை இனிப்பூட்டி சேர்ந்த உணவுப் பொதிகளில், குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை என்று அச்சிட வேண்டுமென 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறின. நல்ல விதி. ஆனால் அறிவிப்புகள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்றும் விதி உள்ளது. தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த தாய், கண்ணாடிக்கும் எட்டாத பொடி எழுத்தில் அன்னிய மொழியில் இருப்பதை எவ்வாறு அறிவாள்? கையில் உள்ள டப்பி தன் பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லும் சொற்கள் அவள் கண்முன்னேயே ஊமையாய் நிற்கின்றன. இரண்டு ரூபாய் இலாபத்துக்காகச் சர்க்கரைக்குப் பதில் சாக்கரின் கலந்து, அதைச் சொல்லாமல் பள்ளி வாசலில் ஐஸ் விற்பதும் இதே அநீதியின் மறுபக்கம். இங்கே பிரச்சினை இரசாயனத்தில் இல்லை. உண்மையை மறைப்பதில் உள்ளது. எச்சரிக்கை தமிழிலும், கண்ணுக்குத் தெரியும் எழுத்திலும் இருக்கவேண்டும் என்று கேட்பது நம் பங்குப் பேரவைகளுக்கும் பெண்கள் இயக்கங்களுக்கும் தகாத வேலையன்று. பிறர் அறியாமையைத் தன் ஆதாயமாக்கலாகாது என்பது நீதியின் முதற்பாடம்.

தோளை மாற்றாமல்

ஆகவே நம் கருத்தைத் தொகுத்துரைப்போம். வரம்புக்குள் உண்ணும் செயற்கை இனிப்பூட்டி நஞ்சென்று சொல்ல இன்றைய அறிவியல் இடந்தரவில்லை. நீரிழிவு உடையவர் சர்க்கரையிலிருந்து விலகி நடக்க அதை ஓர் ஊன்றுகோலாகக் கொள்ளலாம். ஊன்றுகோல் நடப்பவருக்கு உரியது. அமர்ந்திருப்பவருக்கு அது பயனற்றது. இரண்டு கரண்டிச் சர்க்கரைக்குப் பதில் இரண்டு மாத்திரை என்று காலமெல்லாம் நின்றுவிடாமல், இரண்டை ஒன்றரையாக்கி, ஒன்றாக்கி, அரையாக்கி, இனிப்பின் அளவையே குறைத்துக்கொண்டு வருவோர் உண்மையில் நடக்கின்றனர். முதல் வாரத்தில் கசக்கும் காப்பி, சில வாரங்களில் தன் சொந்தச் சுவையைக் காட்டத் தொடங்கும் என்பதைச் செய்து பார்த்தவர் அறிவர். குழந்தைகளுக்கு இதைப் பழக்க வேண்டாம். நோயாளிக்கு மறுக்கவும் வேண்டாம். பந்தியில் அவரைத் தனியே அமர்த்தவும் வேண்டாம். திருவிழா விருந்து சமைப்போர் அவருக்கும் ஏற்ற ஒரு சுண்டலையோ ஒரு கிண்ணம் மோரையோ மறவாமல் வைப்பது, ஆயிரம் மாத்திரையினும் மேலான உபசரிப்பு.

தவக்காலத்தில் சர்க்கரையை விட எண்ணுவோருக்கு ஒரு வார்த்தை. நோன்பால் நம்மிடம் மிஞ்சுவது ஏழையின் கலத்தில் விழவேண்டும் என்பது புனித பெரிய லியோ முதலிய திருச்சபைத் தந்தையரின் போதனை. நோன்பு என்பது ஒருவரின் பாரம் குறைய மற்றொருவர் தம் தோளைக் கொடுப்பது. நாவு சுமக்கவேண்டிய சிறு கசப்பை நாவே சுமக்கட்டும். அதை மாத்திரையின்மேல் ஏற்றினால், அது குழந்தையின்மேலோ ஏழையின்மேலோ இறங்கும் நாளும் வரலாம். நாற்பது நாளில் மிஞ்சும் சர்க்கரைக் காசை எண்ணிப் பார்த்தால் பெருந்தொகையிராது. ஆனால் மாத இறுதியில் மருந்து வாங்கத் திணறும் ஒரு நெசவாளியின் வீட்டில் அத்தொகைக்கு வேலை உண்டு.